பேட்ஜ் 417, ஒன்பது நாள் தாமதம்

டிப்போவின் ஓய்வுக்கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு பலகை தொங்கியது. மேலே தங்க நிறத்தில் தலைப்பு: 'மாதாந்திர ஓய்வு முன்னறிவிப்பு அட்டவணை.' கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், ஆனால் அதே தங்கத்தில்: 'உருவாக்கம்: கால நிர்வாக அலுவலர்.'

அப்படி ஒரு பதவி அந்த டிப்போவில் கிடையாது. இருந்தது டைம் கீப்பர் பதவிதான். பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிவைக்கிற வேலை. அந்த வேலையைப் பதினெட்டு வருடம் பார்த்தபின், பஸ்கள் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் போயிருந்தால் சூரியனுக்கும் மெமோ கொடுத்திருப்பார். சூரியனின் நல்ல நேரம், நடுவில் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது ஒரு நல்ல உத்தரவால். மாதவிடாய் நாளில் பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு என்று தலைமை அலுவலகம் ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தது. படித்தவுடன் புரிகிற உத்தரவு. அதனாலேயே அதை அப்படியே விட்டுவைக்க டைம் கீப்பருக்கு மனம் வரவில்லை. முன்கூட்டியே தேதி தெரியாமல் ஓய்வு கொடுப்பது நிர்வாகத்துக்கு இழுக்கு என்றார். எல்லாரிடமும் கடைசியாக வந்த தேதியைக் கேட்டு வாங்கி, இருபத்தெட்டைக் கூட்டி, வரவேண்டிய தேதியைப் பலகையில் ஏற்றினார். சொன்ன தேதியில் வந்தால் பச்சை ஊசி. முந்தினால் மஞ்சள். பிந்தினால் சிவப்பு ஊசி, பக்கத்தில் எத்தனை நாள் என்று ஒரு சீட்டு. அட்டவணைத் தேதியில் மட்டுமே ஓய்வு. ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால், பஸ்ஸுக்குக் கொடுப்பது போலவே, தாமத மெமோ.

பெண்களில் பஸ் கண்டக்டர்கள் பத்தொன்பது பேர், பாஸ் கவுண்டரில் எட்டுப் பேர், கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருத்தர். மொத்தம் இருபத்தெட்டு. எண் இதிலும் பொருந்திவந்ததில் அவருக்குத் தனி சந்தோஷம். பெண்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே: இருபத்தெட்டு.

முதல் நாளே வாதாடியவள் கண்டக்டர், பேட்ஜ் 417. பதினாலு வருட சர்வீஸ். அவள் ஊதினால் மூன்று தெரு தள்ளி நிற்கிற வண்டிகூட நின்றுவிடும் என்பதால் டிப்போ முழுக்க அவளுக்கு விசில் என்று பெயர்.

"சார், எனக்கு இருபத்தெட்டெல்லாம் கிடையாது. முப்பது ஆகும். சில மாசம் முப்பத்திரெண்டு."

"அது ஒழுங்கு இல்லாததால வர்றது."

"பதிமூணு வயசுலேருந்து அப்படித்தான் சார் வருது."

"பதிமூணு வயசுலேருந்து உன்னைக் கவனிக்க ஆள் இல்லை. இப்ப நான் இருக்கேன்" என்றார் டைம் கீப்பர்.

அடுத்து பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

"கடைசியா எப்ப?"

"எட்டு வருஷம் ஆச்சு சார்."

டைம் கீப்பர் பேனாவை எடுத்து அங்கேயே பெருக்கினார். "ரெண்டாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் நாள் லேட்டு! இவ்வளவு நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லியிருந்தா தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்திருப்பீங்களா சார்?"

சிவப்பு ஊசி குத்தப்பட்டது. அது பாட்டுக்கு வருடம் முழுக்க அங்கேயே இருந்தது.

ஜனவரியிலிருந்து மே வரை பலகை வெறும் எரிச்சலாக மட்டும் இருந்தது. ஜூனில் டைம் கீப்பர் இன்னொரு புரட்சி செய்தார். கண்டக்டர்களுக்குச் சுழல் டியூட்டி. மூன்று நாள் விடிகாலை நாலு மணி வண்டி, அடுத்த மூன்று நாள் மத்தியானம் தொடங்கி நள்ளிரவில் முடிகிற வண்டி, மறுபடி நாலு மணி. தாளில் பார்க்க அழகாக இருந்தது. வண்ணப் பென்சிலால் கட்டம் கட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அதில் ஆட்கள் எப்போது தூங்குவார்கள் என்பதற்கு மட்டும் வண்ணம் இல்லை.

அந்த வருடம் விசிலுக்கு முக்கியமானது. செக்கிங் இன்ஸ்பெக்டர் பதவி ஒன்று காலியாக இருந்தது. பெண்களில் யாரும் அதுவரை அந்தத் தொப்பியைப் போட்டதில்லை. சீனியாரிட்டியில் விசில்தான் முதல் ஆள். ஒரே ஒரு நிபந்தனை: டிசம்பர் முப்பத்தொன்றுவரை பன்னிரண்டு மாதத்துக்குப் பதிவேட்டில் ஒரு மெமோவும் இருக்கக் கூடாது. பதினாலு வருடத்தில் அவள் ஒரு மெமோ வாங்கியதில்லை. தொப்பியின் அளவைக்கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

அக்டோபரில் அவளுடைய அட்டவணைத் தேதி ஐந்து. வரவில்லை. ஆறும் வரவில்லை. சிவப்பு ஊசிக்குப் பக்கத்துச் சீட்டில் தினமும் எண் ஏறியது. சாப்பிட வருகிற இருநூறு டிரைவர்களும் கை கழுவும் இடத்துக்கு அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"என்ன விசில், அஞ்சு நாள் ஆச்சு போல?" என்றார் ஒருவர்.

"உங்க வண்டி டயர் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு நான் என்னைக்காவது கேட்டேனா?"

"கோவப்படாதம்மா. நல்ல செய்தின்னா முதல்ல எங்களுக்குத்தான் சொல்லணும்."

ஏழாம் நாள், நல்ல செய்தியை டீக்கடையில் அவள் கணவனிடம் ஒரு டிரைவர் சொல்லியே விட்டார். டைம் கீப்பரும் பக்கத்தில் நின்று கைகுலுக்கியிருக்கிறார். கணவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். நல்ல மனிதன். இரண்டாவது மகள் பிறந்த கையோடு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டவன். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"உன் டிப்போவுல என்னென்னமோ வாழ்த்து சொல்றாங்க."

"அந்தப் பலகையைப் பார்த்துட்டுச் சொல்றானுங்க. எனக்குத் தூக்கமே இல்லைங்க, அதான் தள்ளிப்போகுது."

"தெரியும். நான் என்ன சொன்னேன் இப்ப?"

ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகமாக அவள் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு நொடிக்காக அவன் மறுநாள் மன்னிப்புக் கேட்டான், அவளும் மன்னித்தாள். அந்த நொடியை உண்டாக்கியவரை மன்னிக்கவில்லை.

பதினாலாம் தேதி வந்தது. வந்த இடம் வண்டி. தடத்தின் கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடைசி நிறுத்தத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, 'சுத்தம் காப்போம்' என்று ஒரு அறிவிப்பு. கழிப்பறை கிடையாது. கொட்டகைச் சுவரில் இருந்த டிப்போ போனை எடுத்தாள். மணி பகல் பன்னிரண்டு நாற்பது.

"சார், எனக்கு இப்ப ஆரம்பிச்சிடுச்சு. கையில ஒண்ணும் இல்லை. எதிர்த்தாப்புல வர்ற வண்டியில ஒரு ஆளை அனுப்புங்க, நான் இறங்கிக்கறேன்."

"உன் தேதி என்ன?"

"சார், நிக்க முடியலை சார்."

"தேதியைச் சொல்லு."

"அஞ்சு."

"இன்னைக்கு என்ன தேதி?"

"பதினாலு."

"அப்ப இன்னைக்கு வரலாம்னு உனக்கு யார் சொன்னா? உன் ஓய்வு நாள் அஞ்சாம் தேதியே காலாவதி. வண்டியைக் கிளப்பு, ரெண்டு நிமிஷம் லேட்டு."

அவள் வண்டியைக் கிளப்பினாள். டியூட்டி முடியும்வரை மூன்று டிரிப். காக்கிப் பேன்ட்டில் எதுவும் மறையாது. டிரைவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கியருக்குப் பக்கத்தில் வைத்தார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தாள். கூட்டத்தில் யாரோ ஒருவன் கண்டக்டர் இருக்கையில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து தள்ளி நின்றான். காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு பெண் அவன் விட்ட இடத்தில் போய் உட்கார்ந்து, மூன்று நிறுத்தம்வரை அவனை முறைத்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு முழுக்க விசில் ஒருமுறைகூட அழவில்லை. ஊதவேண்டிய இடத்தில் எல்லாம் ஊதினாள்.

டிப்போவில் இறங்கியபோது மெமோ தயாராக இருந்தது. 'பேட்ஜ் 417. வரவேண்டிய தேதி: 5. வந்த தேதி: 14. ஒன்பது நாள் தாமதம். காரணமானவர்: பேட்ஜ் 417.' பதிவேட்டில் ஏறிவிட்டது. தொப்பி போயிற்று.

மறுநாள் முதலுதவி அறை நர்ஸம்மாவிடம் போனாள். அவர் பஸ் டிப்போவில் இருபது வருடம் இருந்து இருந்து, எல்லாவற்றையும் பஸ்ஸாகவே பேசப் பழகியவர்.

"எனக்கு ஏதாவது கோளாறாக்கா?"

"முதல்ல கணக்கைச் சரியாப் போடு. ரத்தம் பட்ட முதல் நாள்தான் ஒண்ணாம் நாள். அங்கேருந்து அடுத்த தடவை படற நாளுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு சுற்று. இருபத்தொண்ணுலேருந்து முப்பத்தஞ்சு நாள் வரைக்கும் எது வந்தாலும் சாதாரணம். மாசத்துக்கு மாசம் ரெண்டு மூணு நாள் முன்னே பின்னே இருந்தாலும் சாதாரணம்."

"இந்தத் தடவை முப்பத்தேழு."

"அதுக்கும் காரணம் இருக்கு. இந்தச் சுற்றுல ரெண்டு பகுதி. பாதி வழியில கருமுட்டை வெளிய வரும். அங்கேருந்து ரத்தம் வர்ற வரைக்கும் ஏறக்குறைய ரெண்டு வாரம். அது அவ்வளவா மாறாது, பைபாஸ் ரோடு மாதிரி. மாறறது முதல் பகுதிதான். காய்ச்சலோ, கவலையோ, தூக்கம் கெட்டாலோ, சட்டுனு உடம்பு இளைச்சாலோ, இப்ப வேண்டாம்னு உடம்பு முட்டையை நிறுத்தி வெச்சுக்கும். அப்ப லேட்டா வந்த வண்டி வழியில லேட் ஆகலை..."

"டிப்போவைவிட்டே லேட்டாக் கிளம்பியிருக்கு."

"அதேதான். ஆனா ஒரு வாரம் தள்ளினப்பவே நீ வந்திருக்கணும். உன் வீட்டுக்காரர் ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் ஒரு கர்ப்ப டெஸ்ட் பார்த்துட்டா மனசு தெளிவாகும். அடிக்கடி இப்படி ஆனாலோ, மூணு மாசம் வராம இருந்தாலோ டாக்டர்கிட்டப் போகணும், தைராய்டு மாதிரி ஏதாவது இருக்கும். சரி, உனக்கு எப்பலேருந்து தூக்கம் கெட்டுச்சு?"

விசில் திரும்பினாள். ஜன்னல் வழியாக டைம் கீப்பரின் அறை தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுழல் டியூட்டி பளபளவென்று இருந்தது.

"ஜூன்லேருந்து" என்றாள்.

மறுநாள் பெரிய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பலகைக்கு முன் போய் நின்றாள். டைம் கீப்பர் பின்னால் வந்தார்.

"என்ன எழுதறே?"

"உங்க அட்டவணையைப் பார்த்து எழுதிக்கறேன் சார். எவ்வளவு விவரமா வெச்சிருக்கீங்க!"

அவர் முகம் மலர்ந்தது. "மண்டல அதிகாரியே டிசம்பர்ல இதைப் பார்க்க வர்றார், தெரியுமா? சிறந்த நிர்வாகத்துக்குக் கேடயம் வரும்னு பேச்சு. மேல் வரிசை தெரியலைன்னா ஸ்டூல் போட்டுக்கோ." தானே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார்.

டைம் கீப்பரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. எதையும் எழுதாமல் விட மாட்டார். பத்து மாதத்தில் இருபத்தேழு பெண்களுக்கு வந்த ஒவ்வொரு தேதியும் அங்கே இருந்தது. ஒவ்வொரு தடவையும் வந்த தேதியிலிருந்துதான் மறுபடி கூட்டியிருந்தார். விசில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: பக்கத்தில் டியூட்டிப் பட்டியலை வைத்துக்கொண்டு, நவம்பர் முடிவுவரை புதுத் தேதிகளையும் சேர்த்துக்கொண்டே போவது. ஜனவரி முதல் மே வரை, ஒரு வாரத்துக்கு மேல் பிந்தியவை கண்டக்டர்களில் நாலே நாலு. சுழல் டியூட்டி வந்த பிறகு, அதே பத்தொன்பது பேருக்கு, நவம்பர் முடிவதற்குள் முப்பத்தெட்டு. தினமும் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற பாஸ் கவுண்டர் பெண்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து அந்தப் பதினோரு மாதத்திலும் இரண்டே இரண்டு.

நர்ஸம்மா நோட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "தனித்தனியா ஒருத்திக்கு வேற காரணமும் இருக்கலாம்டி. இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது."

"அவர் மெமோ எழுதறப்ப இருக்கலாம்னு எழுதினாராக்கா?"

பெருக்குகிற அம்மாவும் ஒரு வேண்டுகோளோடு வந்தார். "என்னுதையும் சேர்த்துக்கோ. எட்டு வருஷம்."

"அதுக்கு இவர் காரணமில்லையேக்கா."

"இல்லைதான். ஆனா காரணம் இல்லைன்னு அவர் வாயால ஒரு தடவை சொல்லிக் கேட்கணும்னு ஆசையா இருக்கு."

"வேண்டாம். நம்ம கணக்குல ஒரு ஓட்டை இருக்கக் கூடாது."

இங்கே டிப்போவின் தாமத விதிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவை மொத்தமும் டைம் கீப்பர் எழுதியவை. ஊழியர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வசதியாக, தாமதத்தைக் கண்ட யாரும் படிவம் எழுதிப் பெட்டியில் போடலாம் என்று ஒரு விதி. காரணமானவர் காலை ஆஜரில் எல்லாருக்கும் முன்னால் நின்று விளக்கம் படிக்கவேண்டும் என்று ஒரு விதி. 'தவறுக்கு வருந்துகிறேன்' என்று ஒரே வரியில் தப்பித்துவிடுகிறார்கள் என்பதற்காக, தாமதம் எப்படி உண்டானது என்று படிப்படியாக, ஐந்து வாக்கியத்துக்குக் குறையாமல் சொல்லவேண்டும் என்று ஒரு விதி. அவசர அவசரமாகப் படித்துத் தள்ளுகிறார்கள் என்பதற்காக, ஒரு நாளைக்கு இரண்டு விளக்கத்துக்கு மேல் கூடாது என்று ஒரு விதி. பதினோராம் விதி அவருக்கே ரொம்பப் பிடித்தது. அட்டவணை தன்னுடையதைத் தவிர வேறு யாருடையதாகவும் இருக்காது என்பதை மறந்து எழுதியது: 'அட்டவணையே தாமதத்துக்குக் காரணமாயின், அதைத் தயாரித்தவரே பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்த மெமோ அவர் பெயருக்கு மாறும்.'

டிசம்பர் ஐந்தாம் தேதி மண்டல அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கடுமையான ஜலதோஷம். வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சிரித்ததாகப் பதிவு இல்லை. விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். டைம் கீப்பர் புதுச்சட்டையில் இருந்தார். காலை ஆஜருக்கு இருநூறு டிரைவர்கள், பத்தொன்பது பெண் கண்டக்டர்கள், வாசலில் துடைப்பத்தோடு பெருக்குகிற அம்மா.

"எங்க தாமதப் பெட்டியை ஐயா ஒரு தடவை பார்க்கணும். ஊழியர்களே விரும்பி எழுதிப் போடறாங்க" என்று சொல்லிக்கொண்டே டைம் கீப்பர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டாகப் படிவங்கள். "பார்த்தீங்களா, எவ்வளவு பொறுப்பு!" முதல் தாளை எடுத்துக் கணீரென்று படித்தார்.

"வண்டி எண்: பேட்ஜ் 388. தடம்: உடம்பு. வரவேண்டிய தேதி: ஜூலை பதினொன்று. வந்த தேதி: ஜூலை இருபத்திரண்டு. தாமதத்துக்குக் காரணமானவர்..."

அங்கே குரல் நின்றது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"படிங்க" என்றார் மண்டல அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"...டைம் கீப்பர். சுழல் டியூட்டி அட்டவணை." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஐயா, இது யாரோ விளையாட்டுக்கு..."

விசில் வரிசையைவிட்டு வெளியே வந்தாள். நோட்டை நீட்டினாள். "விளையாட்டு இல்லைங்க ஐயா. தேதி எல்லாம் சாரோட பலகையில இருக்கு. டியூட்டி எல்லாம் சாரோட கண்ணாடிச் சட்டத்துல இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சது மட்டும்தான் நான்."

மண்டல அதிகாரி பத்து நிமிடம் நோட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார். டைம் கீப்பர் இடையில் புகுந்தார்.

"ஐயா, மாதவிடாய் லேட் ஆனா அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அது இயற்கை!"

"இயற்கைக்கு மெமோ கொடுத்தது யார்?"

மண்டல அதிகாரி நோட்டை மூடினார்.

"உங்க பதினோராம் விதி என்ன சொல்லுது?"

டைம் கீப்பர் அதை மனப்பாடமாகச் சொன்னார். தான் எழுதியது ஒரு எழுத்து விடாமல் அவருக்குத் தெரியும்.

"அப்ப முப்பத்தெட்டு மெமோவும் இன்னைக்கே உங்க பேருக்கு மாறுது. இந்தப் பெண்களோட பதிவேட்டுலேருந்து அதை அழிச்சுடுங்க. டியூட்டியைப் பழையபடி மாத்துங்க. ஒரு நாளைக்கு ரெண்டு விளக்கம்னா பத்தொன்பது நாள். நாளைக்கு ஆரம்பியுங்க." ஒரு தும்மல். "கேடயத்தை வண்டியில வையுங்கப்பா, திரும்ப எடுத்துட்டுப் போகலாம்."

முதல் நாள் டைம் கீப்பர் மூன்று வாக்கியத்தோடு வந்தார். செல்லாது என்று டிப்போ மேனேஜர் திருப்பி அனுப்பினார். ஐந்து வாக்கியம், படிப்படியாக. நர்ஸம்மாவின் முதலுதவி அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். "பேட்ஜ் 388க்குத் தூக்க நேரம் ஆறு நாளில் இரண்டு முறை மாற்றப்பட்டது. இதனால் கருமுட்டை வெளிவரும் நாள் தள்ளிப்போனது. கருமுட்டை வெளிவந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே உதிரப்போக்கு வரும். ஆகவே..." இருநூறு டிரைவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். நாலாம் நாளிலிருந்து நிமிர்ந்து கேட்டார்கள். ஒன்பதாம் நாள், 'கருமுட்டை' என்று அவர் ஆரம்பித்ததும் பின்வரிசை உதடுகள் கூடவே அசைந்தன. வீட்டில் இதைத் தெரிந்துகொண்ட அவர் மனைவி, இருபத்தாறு வருட மணவாழ்க்கையை ஒரே வரியில் சுருக்கிவிட்டாராம்: "என்னைக் கேட்டிருக்கலாமே."

ஆறாம் நாள் சாயங்காலம், சாமான் அறை வாசலில் டைம் கீப்பர் விசிலை நிறுத்தினார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"உன் மெமோ ரத்தாயிடுச்சு. இன்ஸ்பெக்டர் லிஸ்ட்ல உன் பேர் வந்தாச்சு. இனிமே இதுல உனக்கு என்னம்மா கிடைக்கப்போகுது? மிச்சத்தை வாபஸ் வாங்கிக்கோயேன். போட்டவங்க வாங்கிக்கலாம்னு விதி இருக்கு."

"இருக்கு சார். படிச்சேன்."

"என் வயசைப் பாரு. இருநூறு பேர் முன்னால தினமும் நிக்கறேன்."

"நான் நாப்பது பேர் முன்னால நின்னேன் சார். ஓடற வண்டியில." சாமான் அறையில் பஞ்ச் மெஷினை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாள். "உங்களுக்கு மிச்சம் பதிமூணு நாள் இருக்கு. என்னுதைக் கட்டுல கடைசியா வெச்சிருக்கேன்."

அவர் அதற்காகக் காத்திருந்த பதின்மூன்று நாளும் அவளுக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது. அதைச் சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்படவும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் கடைசித் தாள். டைம் கீப்பர் தானே எழுதியிருந்தார். இம்முறை பின்வரிசை உதடுகள் அசையவில்லை.

"பேட்ஜ் 417. ஒன்பது நாள் தாமதம். என் சுழல் டியூட்டியால் அவருக்குத் தூக்கம் கெட்டது. அக்டோபர் பதினாலு, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு மாற்று ஆள் கேட்டுப் போன் செய்தார். எதிர்வண்டியில் ஆள் இருந்தது. நான் அனுப்பவில்லை."

"அஞ்சாவது?" என்றார் மேனேஜர்.

டைம் கீப்பர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "காரணமானவர் நான்" என்றார்.

முன்வரிசையிலிருந்து, ஸ்வெட்டர் கொடுத்த டிரைவர் மட்டும் 'ம்' என்றார்.

ஜனவரியில் விசில் தொப்பி போட்டாள். அளவு சரியாக இருந்தது. பலகை இறக்கப்பட்டது, ஓய்வு வேண்டிய அன்றைக்குப் பெண்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. கடைசி நிறுத்தத்தில் நிரந்தரமாக ஒரு டைம் கீப்பர் வேண்டும் என்று புது இன்ஸ்பெக்டர் கொடுத்த முதல் அறிக்கையை நிர்வாகம் உடனே ஏற்றது. யாரை அனுப்பலாம் என்பதையும் அவள் அதில் எழுதியிருந்தாள். அங்கே கழிப்பறை கட்டவேண்டும் என்ற இரண்டாவது அறிக்கையை மார்ச் மாதம் கொடுத்தாள். நடுவில் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது அவள் தவறுதான், ஆனால் கவனக்குறைவு இல்லை.

செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக் குறித்த நேரம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் வந்து இறங்கலாம். இன்ஸ்பெக்டர் வரும்போது டைம் கீப்பர் கொட்டகையில் இல்லையென்றால் மெமோ. கழிப்பறை இன்னும் வராத பிப்ரவரியில் ஒரு நாள், டைம் கீப்பர் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல், ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து நின்று பார்த்தார். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு நாற்பது வண்டியில் அவள் இறங்கினாள். பதிவேட்டைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

"மேடம்" என்றார் அவர், கால் மாற்றி நின்றுகொண்டு. "அடுத்து எப்ப வருவீங்கன்னு ஒரு தேதி சொல்லிட்டீங்கன்னா, நான் கொஞ்சம் அதுக்குத் தகுந்த மாதிரி..."

விசில் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்ல முடியாதுங்க. இருபத்தொண்ணுலேயும் வரலாம், முப்பத்தஞ்சுலேயும் வரலாம். காத்திருங்க."

வண்டியில் ஏறி ஊதினாள். வண்டி கிளம்பியது.